ஊக்கம் பிறக்கும் இடம்: ஹாதார்ன் தொழிற்சாலை கற்பிக்கும் பாடம்

ஒரே வேலை, ஒரே கூலி, ஒரே மேற்பார்வை. ஆயினும் ஒருவர் தம் வேலையை உள்ளம் தோயச் செய்கிறார். மற்றொருவர் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறார். அது மட்டுமன்று. இன்று உள்ளம் தோயச் செய்கின்றவரே ஈராண்டு கழித்து மணியை எதிர்நோக்கி அமர்ந்திருப்பதும் உண்டு. ஆள் மாறவில்லை, கைத்திறன் குறையவில்லை. அவரை விட்டு அகன்றது எது? அலுவலகமாயினும், ஆலையாயினும், பள்ளிக்கூடமாயினும், பலரைக் கொண்டு ஒரு பணியை நடத்தும் பொறுப்புடையோர் ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய வினா இது.

வினா புதியதன்று. திருக்குறளில் 'ஊக்கமுடைமை' என்று ஓர் அதிகாரமும், 'தெரிந்து வினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் உள்ளன. முன்னது முயல்வோனின் உள்ளத்தைப் பற்றியது. பின்னது தக்கவனைத் தேர்ந்து அவனிடம் வினையை ஒப்படைக்கும் தலைவனின் கடமையைப் பற்றியது. வகுப்பறையில் இவ்விரண்டையும் தனித்தனியே கற்பிப்பது வழக்கம். உழைப்பவனிடம் ஊக்கம் இல்லையெனில் குற்றம் அவனுடையதே என்று முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. தலைவனின் நடத்தையைப் பொறுத்தே உழைப்பவனின் ஊக்கம் தழைக்கவும் கருகவும் செய்கிறது. இதனை விளங்கிக்கொள்ள, அமெரிக்க நாட்டில் ஒரு தொழிற்சாலையில் 1924ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சியை நோக்குதல் பெரிதும் பயன்படும்.

எந்திரத்தின் உறுப்பாக மனிதன்

அவ்வாராய்ச்சிக்கு முன்னர்த் தொழிலுலகில் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியியலாரின் கொள்கையாகும். அவர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பென்சில்வேனியா மாநிலத்து உருக்காலை ஒன்றில் தாம் செய்த சோதனையை விவரித்திருந்தார். அங்கே ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளங்களைச் சுமந்து ஏற்றிவந்தார். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது ஓய்வது என்று ஒவ்வோர் அசைவையும் வரையறுத்துக் கட்டளையிட்டு, அதே ஆளை 47½ டன் ஏற்றச் செய்ததாக டெய்லர் எழுதினார். அத்தொழிலாளியின் நாட்கூலி 1.15 அமெரிக்க வெள்ளியிலிருந்து 1.85 வெள்ளியாக உயர்ந்தது. வேலை நான்கு மடங்கை நெருங்கியது. கூலியோ ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது.

மனிதனும் எந்திரத்தின் ஓர் உறுப்பே. அவனை இயக்கும் எண்ணெய் பணமே என்பது இக்கொள்கையின் சாரம். ஆயினும் டெய்லர் ஓர் உண்மையை மறைக்கவில்லை. தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை அவர் கண்டிருந்தார். அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அன்று. விரைந்து செய்தால் சிலருக்கு வேலை போய்விடும், அல்லது ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படும் கூலியை முதலாளி குறைத்துவிடுவார் என்னும் அச்சமும் காரணம் என்று அவரே எழுதினார். இந்தக் குறிப்பு மனத்தில் இருக்கட்டும். பின்னர் இது தேவைப்படும்.

விளக்கும் வேலையும்

சிக்காகோ நகரத்தை அடுத்த சிசரோ என்னும் ஊரில் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகளைச் செய்துவந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு உரியது அது. 1905ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்று, 1983ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் செழிப்பான காலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் அங்கே வேலை செய்தனர். ஒரு நகரத்தின் மக்கள்தொகை ஒரு மதிலுக்குள் அடங்கியிருந்தது எனலாம்.

1924ஆம் ஆண்டு இறுதியில் அங்கே ஓர் எளிய சோதனை தொடங்கியது. விளக்கொளி மிகுந்தால் வேலையும் மிகுமா என்று அறிவதே நோக்கம். தொழிலாளர்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவினருக்கு ஒளியை மாற்றி மாற்றிக் கொடுத்தனர். மற்றக் குழுவினருக்கு ஒளியை மாற்றாமலே வைத்திருந்தனர். ஒளி மாறியவர்களின் உற்பத்தி உயர்ந்தது. மாறாதவர்களின் உற்பத்தியும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது! ஒரு சோதனையில் ஒளியைப் படிப்படியாகக் குறைத்து நிலவொளி அளவுக்குக் கொண்டுவந்த போதும் இரு பெண்கள் தம் வேலையின் அளவைக் குறையாது காத்தனர். வேலையின் அளவுக்கும் விளக்கின் அளவுக்கும் நேரான தொடர்பு காணப்படவில்லை. 1927ஆம் ஆண்டில் இச்சோதனை முடிவுற்றது. மனித உழைப்பை ஒரே ஒரு காரணத்தால் அளந்துவிட முடியாது என்பது மட்டும் புலனாயிற்று.

ஆறு பெண்கள், ஓர் அறை

அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அடுத்த சோதனை தொடங்கியது. 'ரிலே' என்பது தொலைபேசி நிலையங்களில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு கருவி. ஏறத்தாழ 35 உறுப்புகளைப் பொருத்தி அதனை உருவாக்க வேண்டும்; கைப்பழக்கம் உள்ளவர் ஒரு நிமிட அளவில் ஒன்றைச் செய்து முடிப்பார். அனுபவமுள்ள இரு பெண்களை அழைத்து, மற்றத் தோழியரை அவர்களே தேர்ந்துகொள்ளச் செய்தனர். பொருத்துவோர் ஐவர், உறுப்புகளை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் என ஆறு பெண்கள் தனியறை ஒன்றில் அமர்த்தப்பட்டனர். முடிந்த ரிலே ஒவ்வொன்றும் ஒரு சரிவுக் குழாயில் விழும்; விழும்போதே ஒரு காகித நாடாவில் துளை பதியும். இவ்வாறு ஒவ்வொருவரின் வேலையும் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது.

தொடக்கத்தில் ஒரு பெண் வாரத்துக்குச் சுமார் 2,400 ரிலேக்களைச் செய்துவந்தார். வேலை வாரம் 48 மணி நேரம். இடையில் ஓய்வு கிடையாது. பின்னர் மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் கூலிக் கணக்கு மாறியது. முன்பு நூறு பேர் அளவுள்ள பெரிய குழுவின் உற்பத்தியைப் பொறுத்து அமைந்த ஊக்கத்தொகை, இப்போது இச்சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் பொறுத்து அமைந்தது. அடுத்து முற்பகலிலும் பிற்பகலிலும் ஐந்து நிமிட ஓய்வு கொடுக்கப்பட்டது. பிறகு அது பத்து நிமிடமாயிற்று. ஒரு நாளில் ஆறு முறை ஐந்து நிமிட ஓய்வு கொடுத்தபோது மட்டும், அது தம் வேலையின் ஓட்டத்தைக் குலைக்கிறது என்று பெண்கள் முறையிட்டனர். பின்னர்க் காலையில் சிற்றுண்டியும் வழங்கப்பட்டது. சில வாரங்கள் அரை மணி முன்னதாகவும், சில வாரங்கள் ஒரு மணி முன்னதாகவும் வேலை முடிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் சனிக்கிழமையும் விடுமுறையாயிற்று. பொதுவாக நோக்கின் உற்பத்தி ஏறுமுகமாகவே இருந்தது.

பன்னிரண்டாம் கட்டத்தில் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பெண்களிடம் முன்னரே சொல்லி, அவர்களின் இசைவோடு, சலுகைகள் யாவும் திரும்பப் பெறப்பட்டன. மீண்டும் 48 மணி நேர வாரம், ஓய்வில்லை, சிற்றுண்டியில்லை. உற்பத்தி பழைய அளவுக்குச் சரியும் என்றே எவரும் எண்ணுவர். மணிக்கணக்கில் வேகம் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் வாரத்தின் மொத்த உற்பத்தி முன் எப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்து நின்றது. மீண்டும் ஓய்வு கொடுக்கப்பட்ட பதின்மூன்றாம் கட்டத்தில் அது மேலும் உயர்ந்து, ஒருவருக்கு வாரம் ஏறத்தாழ 3,000 ரிலேக்கள் என்னும் அளவை எட்டியது.

அந்த அறையில் வேறு என்ன நிகழ்ந்தது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னர் அப்பெண்கள் அதிகாரியின் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டனர். அவர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. அவர்கள் விரும்பாத திட்டங்கள் சில கைவிடவும் பட்டன. பொதுக்கூடத்தில் இருந்ததுபோல் கடுமையான மேற்பார்வை அறையில் இல்லை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடிந்தது. மருத்துவச் சோதனைக்குச் செல்லத் தயங்கியவர்களுக்கு ஐஸ்கிரீமும் கேக்கும் கொடுத்து அந்நாளை ஒரு சிறு விருந்தாகவே ஆக்கினர். ஒருவர் உடல்நலம் குன்றியிருக்கும் நாளில் மற்றவர் விரைந்து செய்து குழுவின் கணக்கை ஈடுகட்டினார். வேலை அவர்களுடைய வேலையாயிற்று.

செவிகொடுத்தலின் பயன்

இதன் தொடர்ச்சியாக 1928ஆம் ஆண்டில், தொழிலாளர்களை நேரில் கண்டு அவர்கள் கருத்தை அறியும் பெருமுயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. 1930ஆம் ஆண்டுக்குள் 21,000 பேருக்கு மேல் பேட்டி காணப்பட்டனர். தொடக்கத்தில் பேட்டியாளர் ஆயத்தம் செய்யப்பட்ட வினாக்களுடன் சென்றனர். மேற்பார்வையாளர் எப்படி? வேலையிடம் எப்படி? வினாவுக்கு விடை வந்தது. ஆனால் விடை சொன்னவர் வேறொன்றைப் பேசவே விரும்பினார் என்பது விரைவில் தெரிந்தது. ஆகவே 1929ஆம் ஆண்டில் முறையை மாற்றினர். பேட்டியாளர் குறுக்கிடக் கூடாது, அறிவுரை கூறக் கூடாது, வாதிடக் கூடாது, பேசுபவர் எதைப் பேச விரும்புகிறாரோ அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரை மணியில் முடிந்துவந்த பேட்டி, சராசரி ஒன்றரை மணி நேரம் நீண்டது.

ஒரு பெண் தொழிலாளி தம் மேற்பார்வையாளரை வெறுத்தார். பேசிக்கொண்டே வருகையில், அம்மனிதரின் தோற்றம் தாம் வெறுத்த மாற்றாந் தந்தையின் தோற்றத்தை ஒத்ததாகத் தமக்குத் தோன்றியதே அவ்வெறுப்பின் வேர் என்பதைத் தாமே உணர்ந்துகொண்டார். எவரும் அவருக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை. குறை என்று வாயில் வருவது ஒன்று. உள்ளத்தில் உறுத்துவது வேறொன்று. பொறுமையுடன் கேட்பவர் ஒருவர் இருந்தால் ஒழிய, குறைகூறுபவருக்கே அவ்வேறுபாடு தெரிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிற் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எல்டன் மேயோ என்னும் பேராசிரியர் 1928ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியுடன் தொடர்பு கொண்டார். அதனை உலகறியச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய துணைவரான ரோத்லிஸ்பெர்கர், நிறுவனத்தைச் சார்ந்த டிக்சன் என்பாருடன் இணைந்து 1939ஆம் ஆண்டில் ஆராய்ச்சி முழுவதையும் விரிவான நூலாக வெளியிட்டார். மனிதன் கூலிக்காக மட்டும் உழைப்பவன் அல்லன். தோழமையையும் மதிப்பையும் நாடுபவன் என்னும் கருத்து இவர்களால் பரவியது.

இன்னோர் அறை

ரிலே அறையோடு கதையை முடித்துவிடுவோர் பலர். ஆனால் அதே தொழிற்சாலையில் இன்னோர் அறையும் இருந்தது. 1931ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1932ஆம் ஆண்டு மே வரை அங்கே 14 ஆண்கள் கூர்ந்து நோக்கப்பட்டனர். தொலைபேசி நிலையக் கருவிகளின் முனைகளில் கம்பிகளை இணைப்போர் 9 பேர். ஈயம் பற்றவைப்போர் 3 பேர். சோதித்துப் பார்ப்போர் 2 பேர். இவர்களுக்கும் குழு உற்பத்தியைப் பொறுத்தே ஊதியம். மிகுதியாகச் செய்தால் மிகுதியாகப் பெறலாம்.

ஒரு நாளில் 7,312 இணைப்புகள் என்பது நிர்வாகம் வகுத்த அளவு. தொழிலாளர்களோ தங்களுக்குள் வேறோர் அளவை வைத்திருந்தனர். ஒரு நாளில் இரண்டு கருவிகள். அதாவது கருவியின் வகைக்கேற்ப 6,000 அல்லது 6,600 இணைப்புகள். அதுவே முறையான ஒருநாள் வேலை என்பது எழுதாச் சட்டம். அதை மீறி விரைந்து செய்பவனைக் 'கூலியைக் கெடுப்பவன்' என்று ஏசினர். புயத்தில் குத்தும் விட்டனர். மிகக் குறைவாகச் செய்பவனையும் அவர்கள் பொறுக்கவில்லை. அவனை 'ஏய்ப்பவன்' என்றனர். மேலதிகாரியிடம் சொல்பவன் 'காட்டிக்கொடுப்பவன்'. ஒரு நாள் மிகுதியாகச் செய்தவர், அதனைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து குறைவாகச் செய்த நாளில் சேர்த்துக்கொண்டார். நாள்தோறும் கணக்கு ஒரே சீராக இருந்தது.

ஆசிரியர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. இத்தொழிலாளர்களின் அறிவுத்திறனும் கைத்திறனும் சோதித்து அறியப்பட்டன. கம்பி இணைப்போரில் மிகக் குறைவாக வேலை செய்தவர் அறிவுத்திறனில் முதலிடத்திலும் கைத்திறனில் மூன்றாம் இடத்திலும் இருந்தார்! ஒருவர் செய்யும் வேலையின் அளவைக்கொண்டு அவருடைய ஆற்றலை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவர்கள் ஏன் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர்? மிகுதியாகச் செய்தால் கூலி விகிதம் குறைக்கப்படும், அளவு உயர்த்தப்படும், சிலருக்கு வேலை போகும், மெதுவாகச் செய்யும் தோழருக்கு ஏச்சு விழும். இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். டெய்லர் முன்பே கண்டெழுதிய அதே அச்சம். இது வீண் அச்சம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். ஆனால் அது உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம். 1932ஆம் ஆண்டு மே மாதத்தில், செய்வதற்கு வேலை இல்லாமையால் அந்த அறையே மூடப்பட்டது. தொழிலாளர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது; அவர்கள் இடத்தில் நின்று நோக்கினால் அது முன்னறிவாகத் தோன்றும்.

புகழுரைக்கு அப்பால்

ஹாதார்ன் ஆராய்ச்சி பாடநூல்களில் இடம்பெற்ற பின்னர், அதன் முடிவு ஒரே வரியாகச் சுருங்கியது: தொழிலாளியிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள், உற்பத்தி தானே உயரும். இது முழு உண்மையன்று. முறையான விளக்கம் வேண்டுமெனில் மறைந்து கிடக்கும் செய்திகளையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

ரிலே அறையிலிருந்த பெண்களுள் இருவர், மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்னும் காரணங்களால் 1928ஆம் ஆண்டு சனவரியில் நீக்கப்பட்டனர். அவர்களுக்குப் பதிலாக வந்த இருவர் விரைந்து வேலை செய்பவர்கள். அவருள் ஒருவர் தம் குடும்பச் சுமையைத் தாங்க வேண்டிய நிலையில் இருந்தவர். உற்பத்தியின் உயர்வில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கூலி முறையின் பங்கும் சிறிதன்று. மற்றொரு ரிலே குழுவினருக்கு, தனியறையோ ஓய்வோ கொடுக்காமல், கூலிக் கணக்கை மட்டும் மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் இறங்கியது. அபிரகத் தகடுகளைப் பிரிக்கும் வேறொரு குழுவினருக்குக் கூலி முறையை மாற்றாமல் தனியறையும் ஓய்வும் கொடுத்தபோது உயர்வு ஏறத்தாழ 15 விழுக்காடு. கூலியும் உண்டு, சூழலும் உண்டு. எதுவும் தனித்து நின்று முழுப் பயன் தரவில்லை.

1967ஆம் ஆண்டில் அலெக்ஸ் கேரி என்பார், பணத்தின் பங்கையும் கண்டிப்பின் பங்கையும் ஆராய்ச்சியாளர் குறைத்து மதிப்பிட்டனர் என்று கடுமையாக எழுதினார். 1978ஆம் ஆண்டில் பிராங்க், கவுல் என்னும் இருவர் பழைய புள்ளிவிவரங்களை மீண்டும் கணக்கிட்டு, கண்டிப்பு, பொருளாதார மந்தம், ஓய்வு நேரம் ஆகியவையே பெரும்பாலான உயர்வுக்குக் காரணம் என்றனர். விளக்கொளிச் சோதனையின் ஏடுகள் அழிந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அவை கிடைத்தபின் லெவிட், லிஸ்ட் என்னும் பொருளியலார் அவற்றை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒளியை எப்படி மாற்றினாலும் உற்பத்தி உயர்ந்தது என்று வழங்கிவந்த கதைக்கு அவ்வேடுகளில் வலுவான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

இவற்றால் ஆராய்ச்சியின் பயன் குன்றிவிடவில்லை; அது தெளிவடைகிறது. கனிந்த சொல் கூலிக்கு ஈடாகாது. நியாயமான ஊதியத்தைக் கொடாமல் புன்னகையைக் கொடுப்பது ஊக்கமூட்டுதல் அன்று, ஏய்த்தலே ஆகும். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியியலாளரையும் கணக்காளரையும் வினவி, ஹெர்ஸ்பெர்க் என்னும் உளவியலார் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இங்கே நினைக்கத் தக்கது. ஊதியம், வேலையிடம், நிர்வாகக் கொள்கை போன்றவை சீர்கெட்டால் மனக்குறை வளர்கிறது. அவை சீர்பட்டால் மனக்குறை தணிகிறது. ஆனால் ஒருவருக்கு வேலையில் உவகை ஊட்டுபவை பெரும்பாலும் வேறு: ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, பிறர் அதனை அறிந்து மதித்தல், வேலையின் இயல்பு, பொறுப்பு, முன்னேற்றம். முன்னவை அடித்தளம்; பின்னவை அதன்மேல் எழும் வீடு. அடித்தளமின்றி வீடு நில்லாது. அடித்தளம் மட்டும் இருந்தால் அதில் எவரும் குடியிருக்க முடியாது.

இரண்டு அறைகள் உணர்த்துவது

ரிலே அறையையும் கம்பி அறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரே தொழிற்சாலை, இரு குழுவுக்கும் குழு ஊதியம், இரு குழுவிலும் நெருங்கிய தோழமை. ஓரறையில் தோழமை உற்பத்தியை உயர்த்தியது. மற்றோரறையில் அதே தோழமை உற்பத்திக்கு அணை போட்டது. ஆகவே தோழமை மட்டும் ஊக்கம் தருவதில்லை. ஓரறையில் மாற்றங்கள் முன்கூட்டிச் சொல்லப்பட்டன, கருத்துக் கேட்கப்பட்டது, கூடுதலாக உழைத்ததன் பயன் உழைத்தவருக்கே திரும்பி வந்தது. மற்றோரறையில், கூடுதலாக உழைத்தால் அது தமக்கெதிராகவே திரும்பும் என்று உழைத்தவர்கள் நம்பினர்.

உழைப்பவரின் உள்ளத்தில் எழும் முதல் வினா, 'இதற்கு என்ன கிடைக்கும்?' என்பது மட்டுமன்று. 'நான் நன்றாகச் செய்தால் எனக்கு என்ன நேரும்?' என்பதும் ஆகும். அவ்வினாவுக்கு அச்சமே விடையாக இருக்கும் இடத்தில் எந்தப் பரிசும் பயன்படாது.

தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. தமக்குரிய நிரையை விரைந்து வெட்டி முடித்தவருக்கு மறுநாள் நிரை கூட்டப்படுமானால், அதற்கு மறுநாள் அவர் கத்தி மெல்லத்தான் நடக்கும். அதனைச் சோம்பல் என்று ஏட்டில் எழுதுவது பிழை.

பள்ளிக்கூடம் கற்க வேண்டியது

பள்ளிக்கூடமும் பலர் கூடிப் பணியாற்றும் இடமே. ஆங்கே இப்பிழை நாள்தோறும் நிகழ்கிறது. நல்லெண்ணத்தோடே நிகழ்கிறது என்பதுதான் வருந்தத்தக்கது.

ஓர் ஆசிரியர் விளையாட்டுப் போட்டியைச் சிறப்பாக நடத்துகிறார். அடுத்த மாதம் கலைவிழாவும் அவரிடம் வருகிறது. அதனையும் நன்றாக நடத்துகிறார். பிறகு பள்ளி மலர், பெற்றோர் கூட்டம், வளாகத் தூய்மை என எல்லாம் அவர் தலையிலேயே ஏறுகின்றன. அலட்சியமாகச் செய்தவரோ எவ்விதச் சுமையும் இன்றி உரிய நேரத்தில் வீடு செல்கிறார். தலைமையாசிரியரின் எண்ணத்தில் இது நம்பிக்கையின் அடையாளம். சுமப்பவரின் எண்ணத்தில் இது நன்றாகச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை. சில ஆண்டுகளில் அவரும் நிதானமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார். பின்னர், 'அவர் முன்போல் இல்லை' என்று வருந்துவதில் பயன் என்ன?

வகுப்பறையிலும் இதுவே நிலை. பத்துக் கணக்குகளை விரைந்து முடித்த மாணவனுக்கு, மற்றவர்கள் முடிக்கும்வரை இன்னும் பத்துக் கணக்குகள் கொடுக்கப்படுகின்றன. அறிவுள்ள பிள்ளை ஒரு வாரத்தில் பாடம் கற்றுக்கொள்கிறான். கணக்குப் பாடத்தையன்று, மெதுவாகச் செய்யும் பாடத்தை. எப்போதும் கையுயர்த்தும் மாணவியைத் தோழியர் கேலி செய்கின்றனர். அவள் கை மெல்லக் கீழிறங்குகிறது. சிக்காகோவில் புயத்தில் விழுந்த குத்துக்கும் இந்தக் கேலிக்கும் வேறுபாடு சிறிதே. ஓர் ஆசிரியர் 'மந்த மாணவன்' என்று குறித்துவைத்தவன், தன் தோழர்களின் எழுதாச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பவனாகவும் இருக்கலாம்.

இந்நிலையில் பொறுப்புடையோர் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, கூடுதலாக உழைத்தவருக்கு ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றைக் குறைத்தல். கலைவிழாவை ஏற்றவருக்குக் குறிப்பேட்டு வேலையில் ஒரு பங்கையேனும் பிறர் எடுத்துக்கொள்ளலாம். விரைந்து முடித்த மாணவனுக்கு அதே வகைக் கணக்கை மேலும் கொடாமல், அவன் விரும்பும் நூலையோ, சிந்திக்கத் தூண்டும் புதிரையோ கொடுக்கலாம்.

இரண்டாவது, முடிவு செய்த பின்னர் அறிவிப்பதை விடுத்து, முடிவு செய்வதற்கு முன்னர்க் கேட்டல். ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்துவிட்டு, 'ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்று வினவுவது கேட்டல் ஆகாது. கேட்ட கருத்துகளுள் ஒன்றேனும் ஏற்கப்பட்டதை உழைப்போர் கண்ணாற் காண வேண்டும். ஏற்க இயலாதபோது காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பாராட்டுவதைக் குறிப்பாகப் பாராட்டுதல். ஆண்டுவிழா மேடையில் அனைவரையும் 'அரும்பணி ஆற்றினர்' என்று ஒரே சொல்லால் புகழ்வதைவிட, மூன்றாம் ஆண்டு வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து பிள்ளைகளை இவர் இந்த ஆண்டில் வாசிக்க வைத்தார் என்று ஒருவரிடம் தனியே சொல்வது உள்ளத்தில் நிற்கும். தாம் செய்ததை ஒருவர் உற்று நோக்கியிருக்கிறார் என்னும் உணர்வைப் பொதுப்புகழ்ச்சி தருவதில்லை.

நான்காவது, குறையைக் கேட்கும்போது குறுக்கிடாமை. ஹாதார்ன் பேட்டியாளர் 1929ஆம் ஆண்டில் கற்ற பாடம் இது. அறிவுரை சொல்லும் பழக்கம் ஆசிரியத் தொழிலோடு ஒட்டிப்பிறந்தது. ஆதலால் ஆசிரியர்களுக்கே இது மிகக் கடினம். ஆயினும், பேச வந்தவர் தம் குறையின் வேரைத் தாமே கண்டுகொள்ளும் வரை பொறுத்திருப்பது, பத்து அறிவுரைகளைவிட மிகுந்த பயன் தரும்.

இவை எவற்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஆயினும் இவை எளியனவும் அல்ல. ஏனெனில் இவை உழைப்பவரைத் திருத்தும் வழிகள் அல்ல. உழைப்பிப்பவர் தம்மைத் திருத்திக்கொள்ளும் வழிகள். மணியை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் ஒருவரைக் காணும்போது, 'இவருக்கு ஏன் ஊக்கமில்லை?' என்று வினவுவதற்கு முன்னர், 'இவர் ஊக்கத்தோடு உழைத்த நாளில் இவருக்கு என்ன நேர்ந்தது?' என்று தலைவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். பல நேரங்களில் விடை அங்கேயே இருக்கும்.